நாலு மில்லிமீட்டர்: இடமே இல்லாத ரோடு பைக்குக்கு மட்கார்டு மாட்டுவது எப்படி?

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

வெளியில மழை பெஞ்சிட்டு இருக்கு. பின்னணியில அந்தச் சத்தம் கேட்டா பொறுத்துக்கோங்க. இன்னைக்குப் பேசப் போற விஷயத்துக்கு அது பொருத்தமான சத்தம்தான்.

இன்னைக்கு ஒரே ஒரு பொருளைப் பத்திதான் பேசப் போறேன். மட்கார்டு. சிரிக்காதீங்க. நம்ம அப்பா, தாத்தா ஓட்டின கறுப்பு சைக்கிள் ஞாபகம் இருக்கா? அதுல டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவுல ஒரு விரலையே விடலாம். இப்போ நாம ஓட்டற ரோடு பைக்ல, மட்கார்டு இல்லாமலே டயருக்கும் பிரேக்குக்கும் நடுவுல சுண்டு விரல் நுழையாது. வேகத்துக்காக எல்லாத்தையும் ஒட்டி ஒட்டி வெச்சிருக்காங்க. அந்தச் சின்ன இடைவெளியை நான் மதிக்கலை. போன நவம்பர்ல என் இடது மணிக்கட்டு உடைஞ்சது.

விழுந்த கதை

என்னோடது செகண்ட் ஹேண்ட்ல வாங்கின ரோடு பைக். அலுமினியம் ஃபிரேம், கார்பன் ஃபோர்க், ரிம் பிரேக். டயர்ல 25னு அச்சடிச்சிருக்கும். வேளச்சேரியிலிருந்து சோழிங்கநல்லூருக்கு ஆபீஸ் போறது அதுலதான். சென்னைக்கு ஒரு வருஷத்துல கிடைக்கிற மழையில பாதிக்கு மேல அக்டோபர்லேர்ந்து டிசம்பருக்குள்ள கொட்டிடும். அந்த மூணு மாசமும் ஆபீஸ் வாசல்ல இறங்கினா, இடுப்புலேர்ந்து கழுத்து வரைக்கும் முதுகுல ஒரு கறுப்புக் கோடு. லிஃப்ட்ல பக்கத்துல நிக்க யோசிப்பாங்க.

சட்டை அழுக்கானா துவைச்சுக்கலாம். ஆனா நம்ம ரோட்டுல தேங்கறது வெறும் மழைத்தண்ணி இல்லை, சாக்கடையும் கலந்ததுதான். முன் சக்கரம் அதை எங்க அடிக்குதுன்னு பாருங்க: ஷூவுல, செயின்ல, அப்புறம் நேரா தண்ணி பாட்டில் வாயில. எலியோட சிறுநீர் கலந்த தண்ணி கண்ணு, மூக்கு, வாய், காயம் வழியா உள்ள போனா எலிக்காய்ச்சல் வரலாம். அந்த பாட்டிலை நாம அப்படியே வாயில வெச்சு உறிஞ்சறோம். மட்கார்டு ஃபேஷன் சமாச்சாரம் இல்லைன்னு எனக்குப் புரிஞ்சது இதனாலதான்.

சரி, ஒரு முழுநீள பிளாஸ்டிக் மட்கார்டு செட் வாங்கினேன். என் ஃபோர்க்ல அதை மாட்டற ஓட்டையே கிடையாது. இருந்தாலும் விடலை. கேபிள் டை போட்டு இறுக்கி, முன் பிரேக்குக்கு அடியில எப்படியோ தள்ளி நுழைச்சேன். சக்கரத்தைச் சுத்திப் பார்த்தேன், உரசலை. நானே என் முதுகைத் தட்டிக்கிட்டேன்.

பத்தாவது நாள். மழை விட்டு அரை மணி நேரம் ஆகியிருக்கும். ரோட்டோரத்துல ஒரு வேப்பங்குச்சி கிடந்தது. விரல் தடிமன்கூட இல்லை. டயர் அதைத் தூக்கி மட்கார்டுக்குள்ள இழுத்துக்கிச்சு. ‘கர்ர்’னு ஒரு சத்தம், அடுத்த நொடி முன் சக்கரம் அப்படியே நின்னுடுச்சு. சக்கரம் நின்னுச்சு, நான் நிக்கலை. ஹேண்டில்பாரைத் தாண்டிப் போய் விழுந்தேன். பின்னாடி வந்த ஆட்டோக்கார அண்ணன் ஒடிச்சுத் திருப்பினார். அதனாலதான் மணிக்கட்டோட போச்சு. ஆறு வாரம் மாவுக்கட்டு.

கட்டுப் பிரிச்சதும் பைக்கை எங்க ஏரியா சைக்கிள் கடைக்கு எடுத்துட்டுப் போனேன். கடைக்கார அண்ணன் மடங்கிப் போன மட்கார்டைக் கையில எடுத்துப் பார்த்தார்.

“கேப் எவ்ளோ விட்டீங்க தம்பி?”

“உரசவே இல்லண்ணே.”

“ரெண்டு பஸ்ஸு உரசாம பக்கத்துல பக்கத்துல போவுது. அதுக்காக நடுவுல நீங்க போவீங்களா?”

இந்த எபிசோடோட சாரமே அந்தக் கேள்விதான்.

சக்கரம் ஏன் நின்னுச்சு?

முன் சக்கரத்தோட பின்பக்கத்தைப் பாருங்க, அதாவது உங்க காலைப் பார்த்த பக்கம். வண்டி முன்னாடி போகும்போது அங்க டயர் கீழேர்ந்து மேல நோக்கிச் சுத்துது. தரையில கிடக்கிற குச்சியோ கல்லோ டயர்ல ஒட்டினா, அதுவும் மேலதான் ஏறும். மட்கார்டு தளர்வா இருந்தா அது உள்ளேயே ஓடி மறுபக்கம் வெளிய வந்துடும். இடம் இல்லைன்னா ஆப்பு மாதிரி இறுகி, மட்கார்டையும் சேர்த்து மேல இழுக்கும். மட்கார்டைத் தாங்கற கம்பிகள் மடங்கும். பிளாஸ்டிக் சுருண்டு ஃபோர்க்குக்கு அடியில போய்ச் சிக்கும். அவ்வளவுதான், முன் சக்கரம் பூட்டு.

பின் சக்கரத்துல இதே விஷயம் நடந்தா வண்டி சறுக்கும், பெரும்பாலும் சமாளிச்சுடலாம். முன் சக்கரம் பூட்டினா சமாளிக்க நேரமே கிடைக்காது. அதனால ஒரு விதி வெச்சுக்கோங்க: பின்னாடி கொஞ்சம் சமரசம் பண்ணிக்கலாம், முன்னாடி கூடவே கூடாது.

முதல் வேலை: அளவெடுக்கிறது

மட்கார்டு வாங்கறதுக்கு முன்னாடியே இதைப் பண்ணணும். நான் வாங்கின பிறகும் பண்ணலை.

டயர்ல நீங்க வழக்கமா ஓட்டற அளவுக்குக் காத்து அடிங்க. காத்து குறைவா இருந்தா டயர் சின்னதா தெரியும், அளவு ஏமாத்தும். டயர்ல அச்சடிச்ச எண்ணையும் நம்பாதீங்க. ரிம் அகலமா இருந்தா டயரும் விரியும். என் 25 டயரை அளந்து பார்த்தா 27 மி.மீ. இருந்தது. அகலம் கூடும்போது உயரமும் கூடும்.

சக்கரத்துல கோட்டம் இருக்கான்னு பாருங்க. இருந்தா முதல்ல கோட்டம் எடுத்துடுங்க. ஒரு பக்கம் 2 மி.மீ. ஆடற சக்கரத்துல எந்த அளவும் செல்லாது.

அளக்க ஸ்கேல் வேண்டாம். வீட்டுல இருக்கிற ஆலன் கீ செட் போதும். 4, 5, 6, 8, 10னு ஒவ்வொரு கீயா இடைவெளியில விட்டுப் பாருங்க. எது தட்டாம போய் வருதோ அதுதான் உங்க அளவு. இந்த இடங்கள்ல பாருங்க:

ஒண்ணு, முன் டயருக்கும் முன் பிரேக்கோட அடிப்பாகத்துக்கும் நடுவுல. ரிம் பிரேக் வண்டியில பெரும்பாலும் இதுதான் ரொம்ப நெருக்கமான இடம்.

ரெண்டு, முன் டயருக்கும் ஃபோர்க் மேல்பகுதிக்கும் நடுவுல. கூடவே ஃபோர்க் கால்களோட உள்பக்கம், ரெண்டு பக்கமும்.

மூணு, பின் பிரேக்குக்கு அடியில.

நாலு, பின் டயருக்கும் சீட் கம்பத்தைத் தாங்கற குழாய்க்கும் நடுவுல.

அஞ்சு, பெடலுக்குப் பின்னாடி, ஃபிரேமோட ரெண்டு கீழ்க்குழாய்களுக்கு நடுவுல டயர் நுழையற இடம்.

ரிம் பிரேக் வெச்சிருக்கிறவங்களுக்கு ஒரு குறுக்கு வழி. பிரேக் கட்டை மாட்டியிருக்கிற நீள ஓட்டையைப் பாருங்க. ரோடு பைக்ல வழக்கமா வர்ற பிரேக்குல, பிரேக் போல்ட்டிலிருந்து கட்டை வரைக்கும் 39 முதல் 49 மி.மீ. வரை இறக்கி ஏத்தலாம். கட்டை அந்த ஓட்டையோட அடியில இருந்தா உங்களுக்குக் கொஞ்சம் இடம் இருக்கு. மேல்நுனியில இருந்தா இடம் ரொம்பக் கம்மி. 47 முதல் 57 வரைக்கும் போற நீளமான பிரேக்கும் கிடைக்குது. ஆனா உங்க ஃபிரேம் அதுக்காகச் செஞ்சதா இருக்கணும். இல்லைன்னா கட்டை ரிம்முக்கே எட்டாது, கீழ போயிடும். பிரேக்கை மாத்தினா இடம் வந்துடும்னு நினைச்சு வாங்கிடாதீங்க.

கணக்கு

இப்போ என் தப்பைக் கணக்கா போட்டுக் காட்டறேன்.

என் முன் பிரேக்குக்கு அடியில இருந்த இடம் 7 மி.மீ. மட்கார்டோட தடிமன் சுமார் 2 மி.மீ. மிச்சம் 5 இருக்கே, நல்லாதானே இருக்குன்னு தோணும். ஆனா மட்கார்டை ஃபோர்க்கோட பிணைக்கிற போல்ட்டோட தலை உள்பக்கமா, டயரைப் பார்த்து நீட்டிட்டு இருக்கும். அது ஒரு 3 மி.மீ. மிச்சம் வெறும் 2. ரெண்டு மில்லிமீட்டர் இடத்துல வேப்பங்குச்சி எப்படி ஓடும்?

நான் இப்போ வெச்சிருக்கிற கணக்கு இதுதான்: டயருக்கும், மட்கார்டுக்குள்ள நீட்டிட்டு இருக்கிற எந்தப் பொருளுக்கும் நடுவுல குறைஞ்சது 4 மி.மீ., முடிஞ்சா 5. அதோட மட்கார்டு 2, போல்ட் தலை 3. ஆக, மட்கார்டு இல்லாதப்போ 10 மி.மீ. கீ தாராளமா போய் வந்தாதான் பிரேக்குக்கு அடியில முழுநீள மட்கார்டு. அதுக்குக் கீழ இருந்தா வேற வழி பார்க்கணும்.

அகலத்துக்கும் ஒரு அளவு இருக்கு. மட்கார்டு டயரை விட 8 முதல் 10 மி.மீ. அகலமா இருக்கணும். 25 டயருக்கு 35 மி.மீ. மட்கார்டு சரியா வரும். அது ஃபோர்க் கால்களுக்கு நடுவுல நுழையுமான்னும் பார்த்துக்கோங்க.

இடம் இல்லைன்னா என்ன வழி?

முதல் வழி, டயரை மாத்தறது. 28லேர்ந்து 25க்கு இறங்கினா சுமார் 3 மி.மீ. கிடைக்கும். ஆனா நம்ம ஊரு மழைக்காலப் பள்ளத்துல ஒல்லி டயர்னா ரிம்முக்கு அடி, டியூபுக்கு பஞ்சர். நான் 25க்குக் கீழ போக மாட்டேன்.

ரெண்டாவது வழி, நான் இப்போ வெச்சிருக்கிறது: ரெண்டு துண்டு மட்கார்டு. நெருக்கமான இடத்துல மட்கார்டே கிடையாது. பிரேக்குக்கு முன்னாடி ஒரு சின்னத் துண்டு, பின்னாடி ஒரு நீளத் துண்டு. நடுவுல இருக்கிற இடைவெளியில டயர் பழையபடி சுதந்திரமா ஓடும். ஜெர்மனியோட எஸ்.கே.எஸ். நிறுவனம் விக்கிற ரேஸ்பிளேடு வகை மட்கார்டுகள் ஓட்டை இல்லாத, இடம் இல்லாத ரோடு பைக்குக்காகவே வந்தது. உங்ககிட்ட ஏற்கெனவே முழுநீள மட்கார்டு இருந்தா, அதையே வெட்டி ரெண்டாக்கலாம். வெட்டின ஓரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சுடுங்க. நடுவுல கொஞ்சம் தண்ணி தெறிக்கத்தான் செய்யும். ஆனா முதுகுக் கோடு போயிடும், ஷூவும் பாட்டிலும் பெருமளவு தப்பிக்கும்.

மூணாவது வழி, முன் சக்கரத்தைத் தொடவே வேண்டாம். முன்னாடி சாய்ஞ்சு இறங்கற பெரிய குழாய்க்கு அடியில ஒரு பிளாஸ்டிக் தகடு கட்டுங்க. பழைய ஃபைல் அட்டை போதும். அகலமா வெட்டி, வளைச்சு, மூணு கேபிள் டை. அது ஃபிரேமோட ஒட்டி இருக்கிறதால சக்கரத்துல சிக்குற வாய்ப்பு ரொம்பக் கம்மி. பின்னாடி சீட் கம்பத்துல மாட்டற மட்கார்டோ, சீட்டுக்கு அடியில செருகற மடிப்பு பிளாஸ்டிக்கோ வெச்சுக்கோங்க. செலவு நூறு ரூபாய்க்குள்ளகூட முடிச்சுடலாம். இடம் 4 மி.மீ.க்கும் குறைவுன்னா, என்னைக் கேட்டா இதுதான் ஒரே வழி.

டிஸ்க் பிரேக் வண்டிக்காரங்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்கு டயருக்கு மேல பிரேக் இல்லாததால பொதுவா கொஞ்சம் இடம் கூட. சில ஃபிரேம்ல மட்கார்டு ஓட்டை கண்ணுக்குத் தெரியாத மாதிரி உள்பக்கமா இருக்கும். ரப்பர் மூடியைத் தேடிப் பாருங்க. அளவெடுக்கிற வேலை உங்களுக்கும் உண்டு.

மாட்டும்போது கவனிக்க வேண்டியது

ஓட்டை இல்லைன்னு துளை போடாதீங்க. கார்பன்ல துளை போட்டா அந்த ஃபோர்க்கை நம்பி ஏறவே முடியாது. ரப்பர் பட்டையோ, ரப்பர் உறை போட்ட வளையக் கிளிப்போ போடுங்க. கார்பன் குழாய்ல கிளிப்பை இறுக்கித் திருகக் கூடாது. அடியில பழைய டியூப்ல ஒரு துண்டு வெட்டி வெச்சுட்டு, நகராத அளவுக்கு மட்டும் முறுக்குங்க.

பட்டை போடற இடத்தைத் துடைச்சுட்டு, ஒளி ஊடுருவற டேப் ஒண்ணு ஒட்டுங்க. பட்டைக்கு அடியில மணல் போனா, ஒரு மழைக்காலத்துல அது பெயின்ட்டை உப்புத்தாள் மாதிரி தேய்ச்சுடும்.

முன் மட்கார்டுக்குக் கம்பி இருந்தா, இழுப்பு வந்ததும் தானா கழண்டுக்கிற பிளாஸ்டிக் கிளிப் இருக்கான்னு பார்த்து வாங்குங்க. குச்சி சிக்கினா அந்தக் கிளிப் விட்டுடும், மட்கார்டு விலகும், சக்கரம் சுத்தும். நான் கேபிள் டை போட்டு இறுக்கினதுல, விட்டுக்கொடுக்க எதுவுமே இல்லாம பண்ணிட்டேன். அது என் ரெண்டாவது தப்பு.

கம்பியோட நுனி வெளிய நீட்டிட்டு இருந்தா வெட்டி, ரப்பர் மூடி போடுங்க. இல்லைன்னா கெண்டைக்காலைக் கிழிச்சுடும்.

கடைசியா நுனித் தொங்கல், அதாவது ஃபிளாப். பழைய கார் மேட்டோ, ஷாம்பு பாட்டில் பிளாஸ்டிக்கோ போதும். முன் மட்கார்டோட அடியில தொங்கறது உங்க ஷூவுக்கு. பின் மட்கார்டோட அடியில தொங்கறது உங்களுக்குப் பின்னாடி வர்றவங்க முகத்துக்கு. ஸ்பீட் பிரேக்கர்ல இடிக்காத உயரத்துல நிறுத்திக்கோங்க.

ரோட்டுக்குப் போறதுக்கு முன்னாடி

மாட்டி முடிச்சதும் திரும்ப அந்த 4 மி.மீ. கீயை எடுங்க. டயரைச் சுத்திச் சுத்தி, எல்லா இடத்துலயும், முக்கியமா ஒவ்வொரு போல்ட் தலைக்கு அடியிலயும் விட்டுப் பாருங்க. ஒரு இடத்துல தட்டினாலும் அதைச் சரி பண்ணிட்டுதான் அடுத்த வேலை.

அப்புறம் முன் சக்கரத்தை ஒரு ஜாண் தூக்கி தரையில போடுங்க. மட்கார்டு ஆடி டயர்ல படுதா? கையால ரெண்டு பக்கமும் இழுத்துப் பாருங்க. சாயுதா?

பெடலை முன்னாடி கிடைமட்டமா வெச்சு, ஷூ போட்ட காலை அது மேல வெச்சுக்கிட்டு ஹேண்டிலைத் திருப்புங்க. மட்கார்டு போட்டதும் சக்கரம் கொஞ்சம் பெருசான மாதிரிதான். விரல் நுனி மட்கார்டுல இடிக்கலாம். வேகமா போகும்போது ஹேண்டில் அவ்வளவு திரும்பாது. ஆனா மெதுவா யு-டர்ன் போடும்போது இடிச்சுக் கவுத்துடும். இடிச்சா, திரும்பற பக்கத்துக்கு எதிர்ப்பக்கக் காலைப் பின்னாடி வெச்சுத் திரும்பப் பழகிக்கோங்க.

பிரேக்கைத் திறந்து சக்கரத்தைக் கழட்ட முடியுதான்னும் வீட்டுலயே பாருங்க. நடு ரோட்டுல மழையில பஞ்சர் ஆகும்போது கத்துக்க வேண்டிய பாடம் இல்லை அது.

முதல் ஓட்டம் தெருவுக்குள்ள, காலி ரோட்டுல. எழுந்து நின்னு மிதிச்சா ஃபிரேம் கொஞ்சம் வளையும், அப்போ உரசுதான்னு காது கொடுத்துக் கேளுங்க. ‘டிக்’னு ஒரு சின்னக் கல்லு தட்டிட்டுப் போனா பரவாயில்லை. தொடர்ந்து ‘கரகர’ன்னா உடனே நிறுத்தி இறங்கிப் பாருங்க. ‘வீட்டுக்குப் போய் பார்த்துக்கலாம்’னு நான் நினைச்ச அந்த ஒரு நொடியிலதான் ஆறு வாரம் போச்சு.

மழையில ஓட்டிட்டு வந்ததும் மட்கார்டோட உள்பக்கத்துல தண்ணி அடிச்சு விடுங்க. சேறு அங்க ஒட்டிக் காஞ்சா, நீங்க கஷ்டப்பட்டு அளந்து வெச்ச 4 மி.மீ. ஒரே வாரத்துல 2 ஆயிடும்.

இப்போ எப்படிப் போகுது?

மணிக்கட்டு சரியாயிடுச்சு. குளிர்ல மட்டும் லேசா வலிக்கும். ரெண்டு துண்டு மட்கார்டோட இந்த வருஷ மழையில ஓட்டிட்டு இருக்கேன். போன வாரம் ஞாயித்துக்கிழமை காலையில ஈ.சி.ஆர். பக்கம் நண்பர்களோட போனேன். போன வருஷம் இதே கும்பல், “மச்சான், நீ முன்னாடி போகாத, கடைசியில வா”ன்னு என்னைப் பின்னாடி தள்ளிவிட்டாங்க. ஏன்னா என் பின்சக்கரத் தண்ணி முழுக்க அவங்க வாயில. இந்தத் தடவை ஒருத்தன் என் பின் ஃபிளாப்பைப் பார்த்துட்டு, “டேய், நீயே முன்னாடி போடா”ன்னான். கோவளம் வரைக்கும் எதிர்க்காத்துல நான்தான் முன்னாடி. மட்கார்டு போட்டதுக்கு எனக்குக் கிடைச்ச தண்டனை.

கடைக்கார அண்ணன்கிட்டயும் வண்டியைக் காட்டினேன். ஒண்ணும் சொல்லலை. மேஜையிலேர்ந்து ஒரு ஆலன் கீயை எடுத்து, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவுல விட்டு ஒரு சுத்து சுத்தினார். எங்கேயும் தட்டலை. கீயைத் திரும்ப வெச்சுட்டு, “டீ சாப்பிடறீங்களா தம்பி?”ன்னார்.

நீங்க மட்கார்டு வாங்கக் கிளம்பறதுக்கு முன்னாடி, வீட்டுல இருக்கிற ஆலன் கீயைத் தேடி எடுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம். மழையில மெதுவா ஓட்டுங்க.